சின்னம்மை வந்த வகுப்பை ஒரு வாரம் மூடலாமா?

தலைமை மேசை:
ஐந்தாம் வகுப்பு, 38 பிள்ளைகள். பிப்ரவரி 5, வியாழக்கிழமை, ஒரே நாளில் மூன்று பேருக்குச் சின்னம்மை தெரிந்தது. மூவரும் அன்று மதியம் வரை வகுப்பில்தான் இருந்தார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பாதிப் பேர் 9 முதல் 13 வரை வகுப்பை மூடச் சொல்கிறார்கள். மீதிப் பேர் முழுப் பரீட்சை நெருங்குகிறது, வேண்டாம் என்கிறார்கள். அந்த வகுப்புக்குப் பாடம் எடுப்பவர்களில் ஒருவர் நான்கு மாதக் கர்ப்பிணி. விவரம் தெரிந்தவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

குறிஞ்சிப்பூ:
மூடணும். இதுல யோசிக்க என்ன இருக்கு? கொப்புளம் தெரியறதுக்கு ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடியே அம்மை பரவ ஆரம்பிச்சிடும். கொப்புளத்தைப் பாத்து வீட்டுக்கு அனுப்புறது கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். வகுப்பையே மூடினா யாரும் யாருக்கும் குடுக்க முடியாது. அஞ்சு நாள் பாடம் போனா சனிக்கிழமை வச்சு ஈடு கட்டிக்கலாம்.

ஊசிமருந்து:
குறிஞ்சிப்பூ சொன்ன முதல் பாதி சரி. அதனால்தான் இரண்டாவது பாதி தப்பு. தேதி போட்டுப் பாருங்கள்.

கொப்புளம் தெரிந்தது 5ஆம் தேதி. அப்படியென்றால் பரப்பிய நாட்கள் 3, 4, 5. ஒட்டிக்கொண்ட பிள்ளைக்குக் கொப்புளம் தெரிய 10 முதல் 21 நாள் ஆகும், பெரும்பாலும் 14 முதல் 16 நாள். ஆக அடுத்த சுற்று எவ்வளவு சீக்கிரம் வந்தாலும் 13ஆம் தேதி, அதிகம் பேருக்கு 17க்கும் 21க்கும் நடுவில், கடைசி ஆள் 26. அந்தப் பிள்ளைகள் பரப்பத் தொடங்குவது அதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னால்.

9லிருந்து 13 வரை மூடினால், கிட்டத்தட்ட யாருமே பரப்பாத வாரத்தில் வகுப்பு பூட்டிக் கிடக்கும். 16 திங்கள்கிழமை, இரண்டாம் சுற்றுப் பிள்ளைகள் பரப்பத் தயாராகிற அன்று சரியாகத் திறப்பீர்கள்.

இன்னொன்று. மூன்று பேருக்கும் ஒரே நாளில் வந்திருக்கிறது. ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டியிருந்தால் நடுவே இரண்டு வாரம் இடைவெளி இருந்திருக்கும். மூவருக்கும் பொதுவான ஒரு ஆள் ஜனவரி மூன்றாம் வாரத்தில் இருந்திருக்கிறார். அவர் யாரென்று தேடினீர்களா?

குறிஞ்சிப்பூ:
கணக்கு புரியுது டாக்டர். அப்ப 16லேர்ந்து 21 வரைக்கும் மூடட்டும். தேதிதானே பிரச்சினை?

களப்பணி:
சுகாதார ஆய்வாளர் வேலையில இருக்கிறவங்க சார்பா சொல்றேன். வகுப்பை மூடினா 38 பேரும் 38 வீட்டுக்குள்ள தனித்தனியா உக்காந்திருப்பாங்கன்னு நினைக்கிறீங்க. ஆறு மணிக்கு அதே பிள்ளைங்க அதே டியூஷன்ல இருக்கும். அம்மா அப்பா வேலைக்குப் போற வீட்ல, பிள்ளைய பக்கத்து வீட்ல விட்டுட்டுப் போவாங்க. அங்க கைக்குழந்தை இருக்கும். ஒரே வீட்ல, முன்னால அம்மை வராத, ஊசி போடாத ஆளுங்க இருந்தா 10ல 9 பேர் வரைக்கும் ஒட்டும். பள்ளிக்கூடத்துல இருந்தாலாவது காலையில ஒருத்தர் கண்ணால பாப்பாங்க.

மூடுறதுல இன்னொரு நஷ்டம், யாருக்கு எப்ப வந்துச்சுன்னு கணக்கு விட்டுப்போகும். அம்மை போட்டிருக்குன்னு வாய்விட்டுச் சொல்லக் கூடாதுன்னு நினைக்கிற வீடுங்க இன்னும் நிறைய. வாசல்ல வேப்பிலை சொருகிட்டுப் பேசாம இருந்துருவாங்க. லீவு விட்டீங்கன்னா அந்தத் தகவலும் வராது.

வாத்தியார்மகன்:
தனியார் பள்ளி நிர்வாகம். எங்க பக்கம் இதுக்கு ஒரே வழிதான்: பிள்ளை திரும்பி வரும்போது எம்.பி.பி.எஸ். டாக்டர் கையெழுத்துப் போட்ட சான்றிதழ். அது இல்லாம உள்ள விடக் கூடாது. இல்லாட்டி "மூணு தண்ணி ஊத்தியாச்சு சார்"னு அஞ்சாம் நாளே கூட்டிட்டு வந்து நிப்பாங்க.

களப்பணி:
சான்றிதழ் கேட்டா என்ன ஆகும் தெரியுமா? டாக்டர்கிட்ட போகாத வீடு அம்மைன்னே சொல்லாது. "ஊருக்குப் போயிருந்தோம்"னு லீவு லெட்டர் வரும். பிள்ளை உங்க வகுப்புலதான் உக்காந்திருக்கும்.

மூணு தண்ணிய ஏன் கேலி பண்றீங்க? ஏழு, ஒன்பது, பதினொண்ணுன்னு தள்ளி ஊத்துற வீடுங்கதான் அதிகம். கொப்புளம் பூரா காய பெரும்பாலும் 5 முதல் 7 நாள்தான் ஆகும். மூணாவது தண்ணி ஊத்துறதுக்குள்ள பிள்ளை பரப்புறது முடிஞ்சிருக்கும். அஞ்சாம் நாள் கூட்டிட்டு வந்தாங்கன்னா காயைப் பாத்துத் திருப்பி அனுப்புங்க, காகிதத்தைப் பாத்து இல்ல.

ஊசிமருந்து:
எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். சின்னம்மையில் கொப்புளம் ஒரே தடவையில் வராது. மூன்று நான்கு நாள் வரை புதிது புதிதாகக் கிளம்பும். முகத்தில் காய்ந்திருக்கும், முதுகில் நீர் கோத்து நிற்கும். அதனால் சட்டையைத் தூக்கி முதுகு, தலைமுடியை விலக்கி மண்டை, இரண்டையும் பாருங்கள். நீர் நிற்கும் கொப்புளம் ஒன்றுகூட இல்லாமல், எல்லாம் பொருக்குக் கட்டியிருந்தால் வரலாம். பொருக்கு உதிரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. அதற்கு இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அதுவரை நிறுத்துவது வீண் தண்டனை.

தட்டம்மையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அதில் நீர்க்கொப்புளம் கிடையாது, காய்ச்சல், இருமல், கண் சிவப்போடு தடிப்பு வரும். தடிப்பு வந்த நாளுக்குப் பின் 4 நாள் விலக்க வேண்டும். பொன்னுக்கு வீங்கிக்கு, கன்னம் வீங்கியதிலிருந்து 5 நாள்.

வாத்தியார்மகன்:
சட்டையைத் தூக்கிப் பாருன்னு ஆசிரியருக்கு யார் சொல்றது? பொம்பளப் பிள்ளைங்க விஷயத்துல நாளைக்குப் புகார் வந்தா நிர்வாகம்தான் பதில் சொல்லணும். சான்றிதழ்ல அந்தத் தலைவலி இல்ல. உங்க மருத்துவம் சரியா இருக்கலாம், பள்ளிக்கூடம் நடத்துறது வேற.

களப்பணி:
அது நியாயமான பேச்சு. பிள்ளையோட அம்மாவ முன்னால நிக்க வச்சு அவங்களயே காட்டச் சொல்லுங்க, ஆசிரியை பக்கத்துல இருக்கட்டும். அதுவும் வேண்டாம்னா கிராம சுகாதார செவிலியரக் கூப்பிடலாம். ஒரே வகுப்புல மூணு பேருன்னா ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எப்படியும் தகவல் சொல்லியாகணும். பேர் பட்டியல், வயசு, கொப்புளம் தெரிஞ்ச தேதி, வீட்டுத் தெரு, இவ்வளவு போதும்.

குறிஞ்சிப்பூ:
நீங்க ரெண்டு பேரும் வந்த பிள்ளைகளப் பத்தியே பேசறீங்க. மிச்சம் 35 பேருக்கு என்ன செய்யப்போறீங்க? மூட வேண்டாம்னா வேற ஏதாவது செய்யணும்ல. காலையில பிளீச்சிங் பவுடர் தண்ணி தெளிக்கச் சொன்னா அதுக்கும் வேண்டாம்னு சொல்லுவீங்க.

ஊசிமருந்து:
ஆமாம், அதற்கும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். சின்னம்மைக் கிருமி மூச்சுக் காற்றிலும் கொப்புள நீரிலும் பரவுவது. வெளியே அதிக நேரம் தாங்காது. பெஞ்சில் குளோரின் தெளித்தால் பிள்ளைகளுக்குக் கண் எரியும், வீசிங் உள்ள பிள்ளைக்கு இழுக்கும், அவ்வளவுதான். ஜன்னலை இரண்டு பக்கமும் திறந்து வைப்பது அதைவிட உதவும்.

மற்ற 35 பேருக்கு இருப்பது தடுப்பூசி. அம்மை வந்தவரோடு இருந்த 3 நாளுக்குள், அதிகபட்சம் 5 நாளுக்குள் போட்டால் வராமலே தடுக்கலாம், வந்தாலும் லேசாகப் போகும். சிக்கல் என்னவென்றால் இது அரசின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இல்லை. 2017இல் பள்ளிகளில் போட்டது தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும். அதைப் போட்டாச்சு, சின்னம்மை வராது என்று நம்பிக்கொண்டிருக்கும் பெற்றோர் ஏராளம். தனியாரில் ஒரு டோஸே ஆயிரம் ரூபாயைத் தாண்டும். எல்லாரையும் போடச் சொல்ல முடியாது. ஆனால் தகவலை ஒரு சீட்டில் எழுதி 6ஆம் தேதியே எல்லா வீட்டுக்கும் அனுப்பியிருக்க வேண்டும். முடிந்தவர்கள் போட்டுக்கொள்வார்கள். வகுப்பை மூடலாமா என்று கூட்டம் போட்டு முடிப்பதற்குள் அந்த 5 நாள் போய்விடும். மூடும் விவாதத்தில் எனக்குள்ள பெரிய எரிச்சலே இதுதான்.

அந்தச் சீட்டில் இன்னொரு வரி கட்டாயம்: புற்றுநோய்க்கு மருந்து எடுக்கும் பிள்ளை, சிறுநீரகக் கோளாறுக்கு ஸ்டீராய்டு சாப்பிடும் பிள்ளை வீட்டில் இருந்தால் அன்றே அவர்களுடைய மருத்துவரிடம் பேச வேண்டும். அவர்களுக்கு இந்தத் தடுப்பூசி கூடாது, அதில் இருப்பது உயிருள்ள கிருமி. வேறு ஊசி (இம்யூனோகுளோபுலின்) இருக்கிறது, அதை 10 நாளுக்குள் போட வேண்டும். காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் எந்தப் பிள்ளைக்கும் கொடுக்கக் கூடாது என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

தலைமை மேசை:
அந்தக் கர்ப்பிணி ஆசிரியர்? லீவு போடச் சொல்லிவிடலாமா?

ஊசிமருந்து:
முதலில் கேட்க வேண்டியது, சின்ன வயதில் அம்மை வந்திருக்கிறதா என்று. உறுதியாக வந்திருந்தால் பயமில்லை, வகுப்புக்கு வரலாம். தெரியாது என்றால் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பரிசோதனை. இல்லையென்று வந்தால் 3ஆம் தேதியிலிருந்து 10 நாளுக்குள் அவருக்கும், தடுப்பூசி அல்ல, அந்த இம்யூனோகுளோபுலின் ஊசி. லீவு போடுவது மட்டும் போதாது, ஏற்கெனவே மூன்று நாள் அந்த வகுப்பில் இருந்தாகிவிட்டது. நம் மாதிரி வெப்ப நாடுகளில் அம்மை வராமலே பெரியவர்களானோர் அதிகம். அவர்களுக்கு நுரையீரல் வரை போகும் ஆபத்தும் அதிகம். ஆண் ஆசிரியர்களையும் கேளுங்கள். ஏற்கெனவே வந்தவர்களை இந்த மாதம் அந்த வகுப்புக்குப் போடுவது நல்லது.

அக்கி வந்த ஆசிரியர் இருந்தால் அதுவும் இதே கிருமிதான். துணியால் முழுக்க மூட முடிகிற இடமென்றால் வரலாம், இல்லையென்றால் காயும் வரை வரக் கூடாது.

சத்துணவுக்கூடம்:
பிளீச்சிங் பவுடரே வேண்டாம்னு யாரும் எடுத்துக்காதீங்க. வாந்தி, வயித்துப்போக்குன்னா அதுதான் வேணும். சானிடைசர் அதுக்குச் சரிவராது, சோப்புப் போட்டுத்தான் கை கழுவணும். பெஞ்சு, கதவுப்பிடி, குழாய்க்கு 10 லிட்டர் வாளிக்கு 30 கிராம். வாந்தி எடுத்த இடத்துக்கு லிட்டருக்கு 15 கிராம், மேல துணி போட்டு மூடி ஊத்தி, பத்து நிமிஷம் விட்டுத் துடைக்கணும். தொட்டித் தண்ணிக்கு 1000 லிட்டருக்கு 4 கிராம், கரைச்சுத் தெளிய விட்டு மேல் தண்ணிய மட்டும் ஊத்தணும். இதெல்லாம் 33 சதவீதம் குளோரின் இருக்கிற புதுப் பவுடருக்கு. வாய் திறந்து மாசக்கணக்கா கிடக்கிற மூட்டைன்னா வெறும் சுண்ணாம்புதான். கக்கூஸ் கழுவுற ஆசிட்டோட சேத்துடாதீங்க, விஷவாயு கிளம்பும்.

சமையல் பண்றவங்களுக்கு வயித்துப்போக்குன்னா நின்னு 48 மணி நேரம் கழிச்சுத்தான் அடுப்பாங்கரைக்கு வரணும். மாத்து ஆள் குடுக்காம இத மட்டும் சொன்னா யாரும் உண்மையச் சொல்ல மாட்டாங்க.

வாத்தியார்மகன்:
அதே கதைதான் பிள்ளைங்க கிட்டயும். வருஷக் கடைசியில 100 சதவீத வருகைக்குப் பரிசு குடுக்கிறோம். அதுக்காகக் காய்ச்சல்ல வர்றதுங்க உண்டு. காலையில பாரசிட்டமால் குடுத்து அனுப்பினா பிரேயர்ல நல்லா நிக்கும், பதினொண்ணரைக்கு மேல மேசையில தலை சாஞ்சுரும். அந்தப் பரிச நிறுத்தணும்னு நானே சொல்லிட்டிருக்கேன். சான்றிதழ் விஷயத்துல மாத்திரம் என் கருத்து மாறல.

குறிஞ்சிப்பூ:
மூடறது பத்தி நானும் முழுசா மாறல. 17, 18ல ஒரே நாள் பத்துப் பேருக்கு வந்தா என்ன பண்ணுவீங்க? பாடம் நடத்த ஆளே இருக்காது.

களப்பணி:
பத்துப் பேர் வராத வகுப்ப நடத்த முடியலன்னு மூடினா அது நிர்வாக முடிவு, அதுல தப்பு இல்ல. நோய் நிக்கும்னு சொல்லி மூடாதீங்க, அதுதான் சண்டை. 11லேர்ந்து 26 வரைக்கும் தினமும் முதல் பீரியட்ல முகம், கழுத்து, கை பாருங்க. காய்ச்சலோ ஒரு கொப்புளமோ இருந்தா தனியா உக்கார வச்சு வீட்டுக்குச் சொல்லுங்க. கடைசி ஆளுக்கு வந்த நாள்லேர்ந்து 42 நாள் புதுசா யாருக்கும் வரலன்னா முடிஞ்சதுன்னு எழுதலாம்.

டாக்டர் கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லல. மூணு பிள்ளைங்களும் ஒரே வேன்லயா வர்றாங்க?

தலைமை மேசை:
விசாரித்தேன். இரண்டு பேர் ஒரே ஆட்டோ. மூன்றாவது பிள்ளை நடந்து வருகிறது. ஆனால் மூவரும் ஒரே டியூஷன், அங்கே ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் பொங்கல் விடுமுறை முடிந்து பத்து நாள் வரவில்லையாம். சீட்டு இன்று மாலையே எல்லா வீட்டுக்கும் போகிறது, டியூஷனுக்கும் ஒன்று.

களப்பணி:
ஆட்டோக்காரர் கிட்டயும் பேர் பட்டியல் வாங்கிருங்க. அதுல வேற பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களும் இருக்கும்.