டிகின்டர்: ஸ்கிரீன் மாற்றியபிறகும் பழைய ஸ்கிரீனில்தான் டைப் ஆகிறது, ரூம் நிலவரமும் புதுசாக வரவில்லை

காட்பாடி ஜங்ஷன்:

வணக்கம். வேலூர் காந்தி ரோடு பக்கம் ஒரு லாட்ஜுக்கு பைதான் டிகின்டரில் (விண்டோ, பட்டன் எல்லாம் உண்டாக்கும் லைப்ரரி) ரிசப்ஷன் புரோகிராம் எழுதிக்கொண்டிருக்கிறேன். விண்டோஸ் 10, பைதான் 3.11, டேட்டா எஸ்கியூலைட்டில். மொத்தம் நாலு ஸ்கிரீன்: லாகின், ரூம் நிலவரம் (32 ரூம், ஒவ்வொன்றுக்கும் ஒரு கலர் பட்டன்), புது வரவு, பில்.

லாகின் ஒரு தனி டிகே விண்டோ. பாஸ்வேர்டு சரி என்றால் அதை டெஸ்ட்ராய் செய்துவிட்டு இன்னொரு டிகே திறக்கிறேன். உள்ளே மற்ற மூன்றும் ஃபிரேம்கள். ஒரே கிரிட் கட்டத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, வேண்டியதை டிகேரைஸ் போட்டு மேலே கொண்டுவருகிறேன். வரும் தொல்லைகள்:

1. புது வரவில் சேவ் செய்துவிட்டு ரூம் நிலவரத்துக்கு வந்தால் 204 இன்னும் பச்சையாக, காலி என்றே நிற்கிறது. புரோகிராமை மூடித் திறந்தால்தான் சிவப்பாகிறது.
2. பில் ஸ்கிரீனுக்குப் போய் கீபோர்டில் அடித்தால், அது புது வரவில் பெயர் அடிக்கும் கட்டத்தில் போய் விழுகிறது. டேப் அடித்தால் கர்சர் எங்கே போனது என்றே தெரிவதில்லை.
3. மெனு பட்டன்களை ஃபார் லூப்பில் உண்டாக்கினேன். எதை அழுத்தினாலும் பில்தான் வருகிறது.
4. லோகோவை ஒரே தடவை லோட் செய்து எல்லா இடத்திலும் பயன்படுத்துகிறேன். லாகினில் வருகிறது, உள்ளே போனால் "பைஇமேஜ்1 இல்லை" என்று எரர்.

ஒரு கட்டாயம் உண்டு. சிஎம்சி மருத்துவமனைக்கு வருபவர்கள் காலை நேரத்தில் ஒரே கூட்டமாக வருவார்கள். ஒருவருக்குப் பாதி விவரம் அடித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் காலி செய்யச் சாவியோடு வந்து நிற்பார். பில்லுக்குப் போய்த் திரும்பினால் பாதி அடித்தது அப்படியே இருக்க வேண்டும். அதனால்தான் ஒவ்வொரு தடவையும் அழித்துக் கட்டும் முறைக்குப் போகவில்லை.

முள்ளுக்கத்தரி:

சின்னதை முதலில் முடித்துவிடலாம். நாலாவது: ஒரு புரோகிராமுக்கு ஒரு டிகே-தான். இரண்டாவது டிகே திறந்தால் உள்ளே தனியாக இன்னொரு டிசிஎல் இன்டர்பிரெட்டர் (டிகேயை உள்ளிருந்து ஓட்டுவது) எழும்பும். முதலாவதில் லோட் ஆன படம் இரண்டாவதுக்குத் தெரியாது. கட்டத்தின் எழுத்தைப் பிடித்து வைக்கும் ஸ்ட்ரிங்வாருக்கும் இதே கதி, கட்டம் காலியாகக் காட்டும். லாகினையும் ஒரு ஃபிரேமாக ஆக்கிவிடுங்கள். தனி விண்டோவாகத்தான் வேண்டுமென்றால் மெயின் விண்டோவை வித்ட்ரா செய்து மறைத்து, லாகினை டாப்லெவலாகத் திறந்து, சரியானதும் டீஐகானிஃபை. லோகோவை ஒரு ஆப்ஜெக்ட்டில் பிடித்து வைக்கவும் மறக்காதீர்கள். லோக்கல் வேரியபிளில் விட்டால் ஃபங்ஷன் முடிந்ததும் குப்பையாகி, படம் இருந்த இடம் வெறுமையாகும்.

மூன்றாவது: லாம்ப்டா, லூப்பின் வேரியபிளை அழுத்தும் நேரத்தில்தான் பார்க்கிறது. அதற்குள் லூப் முடிந்து கடைசிப் பெயர் உட்கார்ந்திருக்கும். லாம்ப்டாவுக்கு டீஃபால்ட் ஆர்க்யுமென்டாக அந்தப் பெயரைக் கொடுங்கள், ஒவ்வொரு பட்டனும் தன் பெயரை அப்போதே பிடித்துக்கொள்ளும். லாம்ப்டா வேண்டாமென்று கமாண்டில் அடைப்புக்குறியோடு ஃபங்ஷனைக் கொடுத்தால், புரோகிராம் திறக்கும்போதே ஓடிவிட்டு அப்புறம் அழுத்தினால் ஒன்றும் நடக்காது.

இப்போது இரண்டாவது. டிகேரைஸ் எதையும் மறைப்பதில்லை, மேலே தூக்கி வைக்கிறது, அவ்வளவுதான். அடியில் இருக்கும் ஃபிரேம் டிகேயைப் பொறுத்தவரை இன்னும் திரையில்தான் இருக்கிறது. டேப் அடித்தால் அடுத்த கட்டம் எது என்று தேடும்போது அடியில் இருப்பதையும் சேர்த்துத்தான் எண்ணும், கர்சர் அங்கே போய் ஒளிந்துகொள்ளும். மெனு பட்டனை மவுஸில் அழுத்தினால் சாதாரண டிகே பட்டன் ஃபோகஸை (கீபோர்டில் அடிப்பது எங்கே போகும் என்பதை) வாங்கிக்கொள்வதும் இல்லை. பெயர்க் கட்டத்தில் இருந்த ஃபோகஸ் அங்கேயே நிற்கிறது, நீங்கள் அடிப்பதெல்லாம் அங்கே போகிறது. இதில் ஆபத்து என்னவென்றால், பில் தொகை என்று நினைத்து அடித்த 1800 இன்னொருவர் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு சேவ் ஆகிவிடும். யார் கண்ணிலும் படாது.

டிகேரைஸை விட்டுவிட்டு, போகும் ஃபிரேமுக்கு கிரிட் ரிமூவ், வரும் ஃபிரேமுக்கு வெறும் கிரிட். கிரிட் ஃபர்கெட் வேண்டாம். இரண்டும் மறைக்கும், ஆனால் ஃபர்கெட் போட்டால் ரோ, காலம், ஸ்டிக்கி எல்லாம் மறந்துபோய் அடுத்த தடவை ஃபிரேம் வேறெங்காவது ஒட்டும். ரிமூவ் அவற்றை நினைவில் வைத்திருக்கும். ஃபிரேம் உயிரோடு இருப்பதால் பாதி அடித்த விவரமும் அப்படியே இருக்கும். மறைந்த கட்டங்களை டேப் தாண்டிப் போய்விடும்.

மறைத்தால் மட்டும் போதாது, ஃபோகஸை நீங்களே கொடுங்கள். ஒவ்வொரு ஸ்கிரீன் கிளாசிலும் மூன்று மெத்தட் வையுங்கள்: விடு (ஸ்கிரீனை விட்டுப் போகுமுன் ஓடுவது), புதுப்பி (டேட்டாவைத் திரும்ப எடுப்பது), ஃபோகஸ் (கர்சரைச் சரியான கட்டத்தில் வைப்பது). ஸ்கிரீன் மாற்றும் ஃபங்ஷன் புரோகிராம் முழுவதிலும் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். அதன் வரிசை: இப்போதைய ஸ்கிரீனின் விடு (அது ஃபால்ஸ் என்று திருப்பித் தந்தால் மாற்றாமல் அங்கேயே நின்றுவிடு), வரப்போவதன் புதுப்பி, பிறகு பழையதை ரிமூவ், புதியதை கிரிட், கடைசியில் ஃபோகஸ். புதுப்பிப்பதைக் காட்டுவதற்கு முன்பே செய்தால் பழைய கலர் ஒரு கணம் மின்னி மாறுவது தெரியாது.

உங்கள் முதல் கேள்விக்கும் இதிலேயே பதில். ரூம் பட்டன்களின் கலரை இனிட்டில் (ஃபிரேம் உண்டாகும்போது ஓடும் மெத்தட்) ஒரு தடவை போட்டிருப்பீர்கள், ஃபிரேமை மேலே தூக்கினால் இனிட் திரும்ப ஓடாது. புதுப்பி மெத்தடில் ரூம் எண்ணும் நிலையும் ஒரே செலக்ட்டில் எடுங்கள், 32 ரூமுக்கு 32 குவெரி வேண்டாம். பட்டன்களை அழித்துக் கட்டாமல், எண்ணுக்கு எதிரே பட்டன் என்று ஒரு டிக்ஷனரி வைத்து பேக்கிரவுண்டை மட்டும் கன்ஃபிக் செய்யுங்கள். டிடிகே பட்டனாக இருந்தால் பேக்கிரவுண்ட் வாங்காது, சாதாரண டிகே பட்டன் வேண்டும். இத்தனைக்குப் பிறகும் பச்சையாகவே நின்றால், இரண்டு ஸ்கிரீனும் தனித்தனி கனெக்ஷன் திறந்திருக்கிறதா, சேவ் செய்த இடத்தில் கமிட் இருக்கிறதா என்று பாருங்கள். கமிட் ஆகாததை வேறு கனெக்ஷன் பார்க்காது.

மக்கன்பேடா:

முள்ளுக்கத்தரி சொன்னதுல ஒரு இடத்துல மட்டும் எனக்கு ஒப்புதல் இல்ல. புது வரவ உயிரோட வெக்கறது சரி. பில்ல அப்படி வெக்காதீங்க. அந்த ஃபிரேம் உயிரோட இருந்தா போன ஆளோட அட்வான்ஸ், எக்ஸ்ட்ரா பெட், டிஸ்கவுன்ட் டிக் எல்லாம் உள்ளயே ஒட்டிக்கிட்டு இருக்கும். நீங்க புதுப்பில பத்துக் கட்டத்த காலி பண்ணுவீங்க. ஆறு மாசம் கழிச்சு ஓனர் கேட்டார்னு பதினோராவது கட்டம் சேர்ப்பீங்க, அத காலி பண்ண விட்டுப்போகும். 204 ஆளோட அட்வான்ஸ் 207 பில்லுல கழியும். பில் ஸ்கிரீன மட்டும் ரூம் எண்ணக் கையில கொடுத்து ஒவ்வொரு தடவையும் புதுசா கட்டுங்க, போகும்போது டெஸ்ட்ராய். இருபது கட்டம் கட்ட ஆகற நேரம் கண்ணுக்கே தெரியாது.

டெஸ்ட்ராய் பண்ணா ரெண்டு இடத்துல ஜாக்கிரதை. பில்லுல ஓடற கடிகாரமோ, 24 மணி நேரக் கணக்கு காட்டற லேபிளோ ஆஃப்டர் (கொஞ்ச நேரம் கழிச்சு ஃபங்ஷன ஓட விடற டைமர்) போட்டு ஓடிக்கிட்டு இருந்தா, ஃபிரேம் போன பிறகும் அது ஓடும். இல்லாத லேபிளுக்கு எழுதப்போய் கன்சோல்ல "இன்வேலிட் கமாண்ட் நேம்"னு எரர் கொட்டும். ஆஃப்டர் திருப்பித் தர ஐடிய வெச்சுக்கிட்டு, டெஸ்ட்ராய்க்கு முன்னாடி ஆஃப்டர் கேன்சல் பண்ணிடுங்க.

அடுத்தது ஷார்ட்கட் கீ. நீங்க எழுதல, ஆனா ரிசப்ஷன் புரோகிராம்னா எஃப்9 பிரின்ட் கண்டிப்பா இருக்கும். அத பில் ஸ்கிரீன் இனிட்ல பைண்ட் ஆல் (கீய புரோகிராம் முழுக்க மாட்டறது) போட்டிருந்தீங்கன்னா, எந்த ஸ்கிரீன்ல இருந்தாலும் எஃப்9 வேலை செய்யும், ரூம் நிலவரத்துல நின்னுக்கிட்டு தெரியாம அழுத்தினாலும் பில் ஓடும். ஃபிரேமுக்கு பைண்ட் பண்ணாலும் உதவாது, ஃபோகஸ் உள்ள இருக்கற கட்டத்துலதான் இருக்கும், ஃபிரேமுக்கு வராது. மெயின் விண்டோவுல ஒரே ஒரு தடவ பைண்ட் பண்ணுங்க, அதுக்குள்ள இருக்கற எல்லாக் கட்டத்தோட கீயும் அங்க வந்து சேரும். அங்கிருந்து இப்ப எந்த ஸ்கிரீன் இருக்கோ அதுக்கிட்ட எஃப்9 மெத்தட் இருந்தா கூப்பிடு, இல்லன்னா சும்மா விடு.

காட்பாடி ஜங்ஷன்:

இருவருக்கும் நன்றி. நாலும் தீர்ந்தது, பில்லை அழித்துக் கட்டும் முறைக்கே போய்விட்டேன். ரிமூவுக்கு மாறியபிறகு புதுசாக ஒன்று: ஸ்கிரீன் மாறும்போதெல்லாம் விண்டோ பெரிசாகிறது, சுருங்குகிறது. டிகேரைஸில் இப்படி இல்லை. இன்னொரு சந்தேகம், பங்களாதேஷில் இருந்து வருபவர்களுக்கு ஃபார்ம் சி (வெளிநாட்டவர் தங்குவதை அரசுக்குத் தெரிவிக்கும் படிவம்) விவரமும் வாங்க வேண்டும். அதை ஐந்தாவது ஸ்கிரீனாக வைப்பதா, மேலே எழும்பும் விண்டோவாக வைப்பதா?

பாலாற்றங்கரை:

அடுக்கி வைத்திருந்தபோது கிரிட் கட்டம் மூன்றிலும் பெரியதன் அளவை எடுத்துக்கொண்டது. இப்போது ஒன்றுதான் இருக்கிறது, அதன் அளவுக்கு விண்டோ மாறுகிறது. மெயின் விண்டோவுக்கு ஜியாமெட்ரியை நீங்களே கொடுத்துவிட்டால் உள்ளே எது மாறினாலும் விண்டோ அசையாது. லாட்ஜ் கவுன்ட்டர்களில் பழைய 1366க்கு 768 மானிட்டர்தான் அதிகம், டாஸ்க்பாருக்கு இடம் விட்டு 1280க்கு 680 போதும். மின்சைஸும் போடுங்கள். கன்டெய்னர் ஃபிரேமில் ரோ 0, காலம் 0 இரண்டுக்கும் வெயிட் 1, ஸ்கிரீன்களுக்கு ஸ்டிக்கி நாலு பக்கமும். இதில் வெயிட்டை விட்டால் விண்டோ பெரிசாக இருக்கும், ஸ்கிரீன் அதன் இயல்பான அளவிலேயே மூலையில் சுருண்டு கிடக்கும்.

ஃபார்ம் சி: தனி ஸ்கிரீன் வேண்டாம், எழும்பும் விண்டோவும் வேண்டாம். வெளிநாட்டவர் வந்து 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் ஏற்ற வேண்டிய விவரம் அது. மறக்க வழி இருந்தால் கூட்ட நேரத்தில் மறந்துபோகும். புது வரவு ஃபிரேமுக்குள்ளேயே பாஸ்போர்ட், விசா, இந்தியாவுக்குள் வந்த தேதி எல்லாவற்றையும் ஒரு சின்ன உள்ஃபிரேமில் வைத்து, தொடக்கத்தில் கிரிட் ரிமூவ் செய்துவிடுங்கள். நாடு காம்போபாக்ஸில் இந்தியா அல்லாததைத் தேர்ந்தால் காட்டுங்கள், திரும்ப இந்தியா என்றால் மறையுங்கள். மறைந்த கட்டத்தில் பாஸ்போர்ட் எண் அடித்தது மிச்சம் இருக்கும் என்பதால், சேவ் செய்யும்போது நாட்டைப் பார்த்துத்தான் அந்தக் கட்டங்களைப் படிக்க வேண்டும். காம்போபாக்ஸைச் சொன்னதால் இதையும் சொல்கிறேன்: திரும்பி வரும்போது அதே கட்டத்தில் கர்சர் நிற்க வேண்டும் என்று ஃபோகஸ் கெட் போட்டு வைப்பீர்கள். காம்போபாக்ஸ் பட்டியல் விரிந்திருக்கும்போது அதைக் கூப்பிட்டால் "பாப்டவுன்" என்று கீஎரர் வரும். ட்ரை போட்டு, எரர் வந்தால் பெயர்க் கட்டத்துக்கே ஃபோகஸ் கொடுங்கள்.

எழும்பும் விண்டோ ஒரே இடத்தில் சரி, காலி செய்யும்போது "ரூம் சாவி வந்ததா" போன்ற உறுதி கேட்க. டாப்லெவலுக்கு டிரான்சியன்ட் (மெயின் விண்டோவுக்கு மேலேயே நிற்கவைப்பது) கொடுக்காவிட்டால் மெயின் விண்டோவுக்குப் பின்னால் போய் மறையும். மற்ற விண்டோவில் எதையும் அழுத்தவிடாத கிராப் செட்டையும் சேர்த்துப் போட்டிருந்தால், புரோகிராம் தொங்கிவிட்டது என்று ரீஸ்டார்ட் செய்வார்கள்.

பாதி அடித்தது ஸ்கிரீன் மாறினால் தப்பும், கரன்ட் போனால் தப்பாது. புது வரவின் விடு மெத்தடில் கட்டங்களை ஜேசன் ஆக்கி, எஸ்கியூலைட்டில் வரைவு என்ற ஒற்றை வரி டேபிளில் எழுதுங்கள். கூடவே ஆஃப்டரில் 10 விநாடிக்கு ஒரு தடவை அதையே ஓடவிடுங்கள். சேவ் ஆனதும் அந்த வரியை டிலீட் செய்யாவிட்டால், மறுநாள் திறக்கும்போது ஏற்கெனவே பதிவான ஆள் மறுபடி வந்து நிற்பார்.

கோட்டை அகழி:

இத்தனை பாட்டுக்குப் பதில் பைசைடு6-க்கு (க்யூடி என்ற வேறு விண்டோ லைப்ரரியைப் பைதானில் பயன்படுத்துவது) போகலாமே. கியூஸ்டேக்ட்விட்ஜெட்டில் ஸ்கிரீன்களைச் சேர்த்து, செட் கரன்ட் விட்ஜெட் கூப்பிட்டால் வேலை முடிந்தது. மறைந்த பக்கத்துக்கு டேப் போகாது, அளவும் பெரியதற்கு ஏற்ப நிற்கும், கரன்ட் சேஞ்ச்டு சிக்னலில் புதுப்பியை மாட்டிவிடலாம்.

முள்ளுக்கத்தரி:

புதிதாக ஆரம்பிப்பவருக்கு நான் மறுக்கமாட்டேன். ஆனால் 204 பச்சையாக நிற்பதும், பழைய அட்வான்ஸ் ஒட்டிக்கொள்வதும் க்யூடியிலும் அப்படியே நடக்கும். அந்த சிக்னலுக்கு என்ன செய்ய வேண்டும் என்று நாம்தான் எழுத வேண்டும். நாலு ஸ்கிரீன் ஓடிக்கொண்டிருக்கும்போது இதற்காக மட்டும் மாற வேண்டியதில்லை. மாறக் காரணம் வேறொன்று இருக்கலாம். கவுன்ட்டர் கம்ப்யூட்டரை லினக்ஸுக்கு மாற்றும் எண்ணம் உண்டா? டிகே 8.6 லினக்ஸில் தமிழ் எழுத்துகளைச் சேர்த்துக் காட்டத் தெரியாதது. கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், "வேலூர்" என்பதே உடைந்துதான் தெரியும். விண்டோஸில் அந்தத் தொல்லை இல்லை, க்யூடியில் இரண்டிலும் இல்லை.

காட்பாடி ஜங்ஷன்:

விண்டோஸ்தான், மாற்றப் போவதில்லை. ஜியாமெட்ரி கொடுத்ததும் விண்டோ அசையாமல் நிற்கிறது, ஃபார்ம் சி உள்ஃபிரேமும் வேலை செய்கிறது. வரைவு டேபிள் மட்டும் பாக்கி. ரிசப்ஷனில் இரண்டு பேர் மாறி மாறி லாகின் செய்வார்கள், அப்போதும் ஒற்றை வரி போதுமா?

பாலாற்றங்கரை:

போதாது. லாகின் பெயரை பிரைமரி கீயாக வைத்து ஆளுக்கு ஒரு வரி, எழுதும்போது இன்சர்ட் ஆர் ரீப்ளேஸ். லாகவுட் செய்யும்போது புது வரவு ஃபிரேமையும் டெஸ்ட்ராய் செய்துவிட்டு, அடுத்தவர் உள்ளே வந்ததும் அவருடைய வரியில் இருந்து கட்டுங்கள். அந்த 10 விநாடி ஆஃப்டரை கேன்சல் செய்துவிட்டு டெஸ்ட்ராய்.