சபையில் பேர் இருக்கிறது என்றால் என்ன?

அன்பான ஊர்ச் சனங்களுக்கு,

போன கிழமை லண்டன் தம்பி எழுதிய மடலை வாசித்தேன். மகளின் கலியாணத்தை மட்டக்களப்பில் எங்கள் ஊர் மெதடிஸ்த கோயிலில் வைக்கக் கேட்டாராம். இப்போது போகிற சபையின் போதகரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு வரச் சொன்னார்களாம். "கூரை ஓட்டுக்குக் காசு அனுப்பும்போது யாரும் கடிதம் கேட்கவில்லையே" என்று தம்பிக்குக் கோபம். அதற்குக் கீழே ஆளுக்கு ஆள் "சரியாகச் சொன்னீர்கள்" என்று எழுதியிருக்கிறார்கள். நான் அந்த வரிசையில் சேரவில்லை. இதே கோபத்தை நான் 2009இலேயே பட்டு முடித்துவிட்டேன்.

உள்நாட்டுச் சண்டை முடிந்த கையோடு, 22 வருசத்துக்குப் பிறகு ஊருக்குப் போயிருந்தேன். மகனுக்குக் காட்டலாம் என்று சபையின் பேர்ப்பட்டியலைக் கேட்டேன். அப்பாவின் பேர் இருந்தது, பக்கத்தில் அவர் இறந்த திகதி. அம்மாவின் பேரும் அப்படியே. என்னுடையதைக் காணோம். சபைக் கணக்கைப் பார்க்கிற உக்கிராணக்கார மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:

"தம்பி, போகக்குள்ள வேற சபைக்கு மாறுதல் கடிதம் எடுத்தியா?"

"இல்லை மாமா."

"சந்தா?"

"அதுதான் வருசா வருசம் காசு அனுப்பினேனே!"

"அது நன்கொடை. சந்தா வேற, நன்கொடை வேற."

எனக்கு முகம் சிவந்துவிட்டது. மகன் வேறு பக்கத்தில் நிற்கிறான். அன்றிரவு வாவிக்கரையில் நின்று, இனி ஒரு சதமும் அனுப்புவதில்லை என்று மனைவியிடம் சபதம் போட்டேன். (அடுத்த நத்தாருக்கு அனுப்பினேன் என்பது வேறு கதை.)

மறுகா யோசித்துப் பார்த்தால், மாமா சொன்னதில் ஒரு கணக்கு இருக்கிறது. மெதடிஸ்தரின் சந்தா எப்படி வந்தது தெரியுமா? 1742இல், இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரில், மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியின் சபைக்குக் கட்டடக் கடன். ஆளுக்குக் கிழமைக்கு ஒரு பென்னி போடுவோம் என்று ஒருவர் யோசனை சொன்னார். ஏறக்குறைய பன்னிரண்டு பேருக்கு ஒருவர் பொறுப்பு. அவர் கிழமைக்கொரு தடவை வீடு வீடாகப் போய் வாங்க வேண்டும். அப்படிப் போனவர்கள் காசோடு வேறு சங்கதிகளையும் கொண்டு வந்தார்கள்: இந்த வீட்டில் நோய், அந்த வீட்டில் குடி, இன்னொரு வீட்டில் சண்டை. காசை விட அந்தச் சங்கதிதான் முக்கியம் என்று வெஸ்லி பிடித்துக்கொண்டார். அதிலிருந்து வந்ததுதான் அந்தப் பன்னிரண்டு பேர் சேர்ந்த வகுப்பும், அதற்குப் பொறுப்பான வகுப்புத் தலைவரும்.

நம் வீட்டுக்கும் சனிக்கிழமை பின்னேரம் ஒருவர் கொப்பியோடு வருவாரே, நினைவிருக்கிறதா? பிளேன்ரீ குடித்துவிட்டு, சந்தாவை எழுதிவிட்டு, எழும்பாமலே இருப்பார். அப்பா முதல் நாள் குடித்திருந்தால் பின்கதவால் கிணற்றடிக்குப் போய்விடுவார். வந்தவர் ஒன்றும் கேட்க மாட்டார், "அவர் வரட்டும்" என்று இன்னொரு பிளேன்ரீ கேட்பார். சபையில் பேர் இருந்தது என்றால் அதுதான். இல்லாத நேரத்தில் ஒருவர் வந்து காத்திருப்பார். நான் ரொறன்ரோவிலிருந்து வங்கியால் அனுப்பிய காசுக்கு யாரும் வந்து குந்தியிருக்கவில்லை, பாருங்கள்.

கத்தோலிக்கருக்கு இந்தத் தலையிடி கொஞ்சம் குறைவு. என் மனைவி தாண்டவன்வெளிப் பங்குக்காரி. அவர்களுடைய ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு தடவை ஏறிய பேர் இறங்காது. உறுதிப்பூசுதல், கலியாணம் எல்லாம் அதே பதிவின் ஓரத்தில் ஏறும். அதனால்தான் கலியாணத்துக்குப் பழைய சான்றிதழை வாங்க மாட்டார்கள். ஆறு மாதத்துக்குள் எடுத்த புதுப் பிரதி வேண்டும் என்பார்கள், ஓரத்தில் ஏற்கெனவே ஒரு கலியாணம் இருந்தால் தெரிந்துவிடும்! பங்கும் எல்லை பிரித்த நிலம் போலத்தான். குடியிருக்க வந்தால் அந்தப் பங்கின் ஆள். ஸ்காபரோவில் குடிவந்த நாளிலேயே மனைவி அங்கத்தைய பங்குக்காரியாகிவிட்டாள். நான் மட்டும் இரண்டு சபைக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தேன்.

தம்பியின் மடலில், "ஓல்ட் ஐயர் காலத்திலிருந்து எங்கள் குடும்பம் இந்தச் சபையில்" என்று ஒரு வரி. மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்தது 1814இல். அடுத்த ஏப்ரலில் இறந்துவிட்டார். ஒரு வருசம்கூட முழுசாக இருக்கவில்லை. வந்த கப்பல் பயணத்திலேயே மனைவியைப் பறிகொடுத்தவர். இருந்த சில மாதங்களில் பள்ளிக்கூடங்களைத் திறந்துவிட்டுப் போனார். இருநூறு வருசப் பரம்பரையைக் காட்டி அவரோடு பங்கு கேட்பது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

பேர்ப்பட்டியலால் என்ன பயன் என்றும் தம்பி கேட்டிருந்தார். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று பின்னேரமே அந்தக் கொப்பியை விரித்து, நாவலடி, கல்லடிப் பக்கம் யார் யார் வீடு என்று பார்த்து, சைக்கிளில் தேடப் போனார்கள் என்று மாமா சொன்னார். என் பேர் அதில் இருந்திருந்தால் வீணாக ஒரு வீட்டைத் தேடியிருப்பார்கள்.

கடைசியாக 2019 நத்தாருக்குப் போனேன். அந்த வருசம் உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து, ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளும் செத்துப்போனது எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பிறகு எங்கள் வாசலிலும் காவல். வாசலில் நின்ற பையன் என் பையைத் திறக்கச் சொன்னான். "நீங்க ஆரு அண்ணன்?" என்று கேட்டான். என்ன சொல்ல? நான் பிறந்து ஞானஸ்நானம் எடுத்த கோயில். ஓட்டில் பாதி எங்கள் காசு. அவனுக்கு வேண்டியது அது அல்ல. உள்ளே இருக்கிற யாருக்காவது என்னைத் தெரியுமா என்பதுதான். கடைசியில் பூச்சாடி அடுக்கிக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா எட்டிப் பார்த்து, அப்பாவின் பேரைச் சொல்லி, "அவர்ர மகன்தான், விடு" என்றார்.

அதனால் தம்பி, கடிதத்தை எடுங்கள். அங்கே ஏதாவது சபைக்கு ஒழுங்காகப் போகிறீர்கள் என்றால் போதகர் ஒரு கிழமையில் தந்துவிடுவார். போவதில்லை என்றால், அதையும் ஊருக்கு நேரே எழுதிவிடுங்கள். வழி சொல்வார்கள், கலியாணத்தை மறுக்கிற ஆட்கள் அல்ல. கூரை ஓட்டைப் பற்றி மட்டும் அந்தக் கடிதத்தில் எழுத வேண்டாம்.

மாமாவோடு நேரே கதைக்க விரும்பினால் ஊர் நேரம் காலை ஏழு மணிக்குள் எடுங்கள். காது கொஞ்சம் மந்தம், உரத்துப் பேச வேண்டும். முதல் கேள்வி சந்தாதான்.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து உங்கள் அண்ணன்