டெனிஸ் லாஸ்டனின் கான்கிரீட்டும் பொதுமக்களும்

செங்கல் எழுதியது:

இலண்டன் தேசிய நாடக அரங்கை வடிவமைத்த டெனிஸ் லாஸ்டன் (1914–2001) இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர்களுள் ஒருவர் என்று ஆற்றங்கரை அவர்கள் சென்ற வாரம் இங்கே எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1988இல் அன்றைய இளவரசர் சார்லஸ் அந்த அரங்கை அணுமின் நிலையத்தோடு ஒப்பிட்டார். அவர் கட்டடக்கலை படித்தவர் அல்லர் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால், மழையில் நனைந்து கறுக்கும் சாம்பல் நிறச் சுவர்களையும், ஒரு சன்னல்கூட இல்லாமல் மேலே எழும் இரண்டு கோபுரங்களையும் பார்த்து நடந்துபோகிற சாதாரண மனிதருக்கும் அதே எண்ணம்தானே வருகிறது? மக்கள் பணத்தில் எழுப்பிய கட்டடம் மக்களை உள்ளே அழைப்பதுபோல் இருக்க வேண்டாமா?

ஆற்றங்கரை எழுதியது:

செங்கல் அவர்களுக்கு வணக்கம். தாங்கள் குறிப்பிடும் கோபுரங்களுக்குச் சன்னல் வைக்க வழியே இல்லை. மேடையில் ஒரு காட்சி முடிந்ததும் அதன் திரைகளையும் தட்டிகளையும் பார்வையாளர் கண்ணில் படாமல் உயரே தூக்கி நிறுத்துவதற்காகவே அவை இருக்கின்றன. மேடைக்கு மேல் அவ்வளவு உயரம் இல்லாமல் பெரிய நாடகங்களை நடத்த முடியாது. லாஸ்டன் அவற்றை ஒளித்து வைக்காமல் வெளியே தெரியும்படி விட்டார் என்பதுதான் வேறுபாடு.

மக்களை அழைப்பது பற்றிக் கேட்டீர்கள். அந்தக் கட்டடத்தின் உயிரே தேம்ஸ் நதியை நோக்கி அடுக்கடுக்காக நீளும் மாடங்கள்தாம். ஓர் அடுக்கு வாட்டர்லூ பாலத்தோடு சென்று சேர்கிறது. நுழைவுச்சீட்டு வாங்காதவரும் உள்கூடங்களுக்குள் வந்து அமரலாம். கட்டடத்திலுள்ள மூன்று நாடக அரங்குகளுக்கு அப்பால் இந்தக் கூடங்களையே நான்காவது அரங்காக லாஸ்டன் கருதினார். மூன்றில் பெரியதான ஒலிவியே அரங்கின் விசிறி வடிவ இருக்கைகள், கிரேக்கத்தின் எபிடாரஸ் திறந்தவெளி அரங்கை மனத்தில் கொண்டு அமைக்கப்பட்டவை. சுவர்களைத் தொட்டுப் பார்த்தால் சென்ட்ரிங் பலகைகளின் மரரேகைகள் கான்கிரீட்டில் அப்படியே பதிந்திருப்பது தெரியும். ஒவ்வொரு பலகையையும் பார்த்து அடுக்கிய தச்சர்களின் கைவேலை அது. அதை வெறும் சாம்பல் என்று சொல்வது அவர்களுக்குச் செய்யும் அநீதி என்றே எனக்குப் படுகிறது.

செங்கல் எழுதியது:

கோபுரங்களைப் பற்றிய விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன். அதை நான் அறிந்திருக்கவில்லை. ஆனால் ஒருவரின் வாழ்நாள் பணியை ஒரே அரங்கை வைத்து எடைபோடலாகாது. கிழக்கு இலண்டனின் பெத்னல் கிரீனில் 1950களில் அவர் கட்டிய கீலிங் ஹவுஸ், ஏழைத் தொழிலாளர் குடும்பங்களுக்காக நகராட்சி எழுப்பிய 16 மாடிக் குடியிருப்பு. 1990களின் தொடக்கத்தில் கான்கிரீட் பழுதுபட்டுக் குடியிருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். 1999இல் கட்டடம் தனியாருக்கு விற்கப்பட்டு, வசதி படைத்தோரின் வீடுகளாக மாறியது. நார்விச்சில் உள்ள கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்திலும், படிக்கட்டுப் பிரமிடு போன்ற அவருடைய மாணவர் விடுதிகள் காற்றுக்குமிழ்க் கான்கிரீட் பலகைகள் இடிந்துவிழக்கூடும் என்ற ஆபத்தால் 2023இல் மூடப்பட்டன. யாருக்காகக் கட்டினாரோ அவர்களே தங்க முடியாத வீட்டை எப்படி வெற்றி என்பது?

மாடிவாசி எழுதியது:

இருவரும் பேசுவதைப் படித்துவந்தேன். அந்தக் காற்றுக்குமிழ்ப் பலகைகளை அக்காலத்தில் பிரிட்டன் முழுவதும் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் பயன்படுத்தினார்கள். அதை லாஸ்டன் ஒருவர் தலையில் சுமத்துவது முறையன்று. கீலிங் ஹவுஸைப் பொறுத்தவரை, அவர் என்ன செய்ய முயன்றார் என்பதைச் சொல்லியாக வேண்டும். இடிக்கப்பட்ட தெருக்களில் அண்டை வீட்டார் வாசலில் நின்று பேசிக்கொண்ட வாழ்க்கை மாடிக் கட்டடத்தில் அழிந்துவிடக் கூடாது என்று எண்ணி, நான்கு தனித்தனித் தொகுதிகளை நடுவில் உள்ள மின்தூக்கித் தூணோடு பாலங்களால் இணைத்தார். ஒவ்வொரு குடும்பத்துக்கும் இரண்டு தளங்கள் கொண்ட வீடு; துணி உலர்த்தவும் பக்கத்து வீட்டாரோடு பேசவும் பொது இடம்; மின்தூக்கியின் இரைச்சல் வீடுகளுக்கு எட்டாத தூரம். ஏழைகளின் அன்றாடத்தை இவ்வளவு அக்கறையோடு எண்ணிப் பார்த்தவர்கள் குறைவு. 1993இல் அது பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கப்பட்டதால்தான் இடிபடாமல் தப்பியது. அதைப் பழுதுபார்த்துப் பழைய குடும்பங்களுக்கே திருப்பித் தராதது வரைந்தவரின் குற்றமாகுமா?

ஆற்றங்கரை எழுதியது:

மாடிவாசி அவர்களின் கருத்தோடு ஒன்றைச் சேர்க்கிறேன். லாஸ்டன் வடிவமைத்து 1964இல் திறக்கப்பட்ட அரச மருத்துவர் கல்லூரி (மருத்துவர்களின் தொழில்முறை அமைப்பான ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ்) இலண்டன் ரீஜண்ட் பூங்காவின் ஓரத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடக் கலைஞர் ஜான் நாஷின் பழைய வெள்ளை மாளிகை வரிசைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. பழைய பாணியை நகலெடுக்காமல், வெள்ளைப் பதிகற்களால் அந்த வரிசையோடு நிறத்தில் மட்டும் இணங்கி, உள்ளே 17ஆம் நூற்றாண்டின் மரப்பலகைச் சுவர்களுக்கென்று ஓர் அறையையும் அமைத்தார். 1998இல் அதற்கு முதல்தரப் பாதுகாப்புத் தகுதி கிடைத்தது. இது சுற்றுப்புறத்தை மதிக்காதவரின் வேலையா?

செங்கல் எழுதியது:

மருத்துவர் கல்லூரியை நானும் மறுக்கவில்லை. பராமரிக்கப் பணமும் மனமும் உள்ள நிறுவனம் அதை வைத்திருக்கிறது. என் கவலை அங்கேதான் தொடங்குகிறது. நகராட்சியிடம் பராமரிப்புக்குப் பணம் இராது என்பது எதிர்பார்க்கக்கூடிய ஒன்று. ஏழைகளுக்காக வரைபவர் அதையும் கணக்கில் எடுத்து, எளிதில் பழுதுபார்க்கக்கூடிய கட்டுமானத்தைத் தேர்ந்திருக்க வேண்டும். அவர் நல்லெண்ணத்தை நான் ஐயுறவில்லை. நாடக அரங்கின் மாடங்களைப் பற்றி என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். கீலிங் ஹவுஸைப் பற்றி மாற்றிக்கொள்ள இன்னும் காரணம் கிடைக்கவில்லை.