நிரல் எழுதும் எந்திரத்தை நம்பி ஆராய்ச்சிக்குப் போகலாமா?

தங்கச்சிமடம்_பையன்:
கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் வருடம். அப்பா விசைப்படகில் போகிறவர். தடைக்காலம் 61 நாளும் வீட்டில் இருப்பதால் தினம் ஒரே கேள்வி: "கம்ப்யூட்டரே புரோகிராம் எழுதுதாமே, அப்புறம் நீ எதுக்குடா?" எனக்கு அந்த எழுத வைக்கிற ஆராய்ச்சிக்கே போக ஆசை. அதில் ஆயுசுக்கும் வேலை இருக்குமா?

தென்கடல்:
தம்பி, நான் பாம்பன். இதே துறையில் 11 வருடம். அப்பா கேட்பது பழைய கேள்வி. 1957-இல் ஃபோர்ட்ரான் என்ற நிரல் மொழி வந்தபோதே அதைத் தானியங்கி நிரலாக்கம் என்றுதான் சொன்னார்கள்.

எங்களுக்கு வழி திறந்தது 2012-இல் வந்த ஒரு கட்டுரை. எழுதியவர்களில் ஒருவர் பிரேம்குமார் தேவன்பு, சென்னை ஐஐடியில் படித்தவர். மனிதர் எழுதும் நிரல் சாதாரணப் பேச்சைவிட அதிகமாகச் சொன்னதையே சொல்கிறது, அதனால் அடுத்த சொல்லை ஊகிக்கலாம் என்று காட்டினார்கள். 2021-இல் வந்த, நிரல் எழுதித் தரும் கோபைலட் கருவியும் அடிப்படையில் அடுத்த சொல்லை ஊகிப்பதுதான்.

ஆனால் ஊகம் சரியா என்று யார் பார்ப்பது? ஜென்புரோக் என்று, பிழையைத் தானே திருத்தும் கருவி ஒன்று. பட்டியலை வரிசைப்படுத்தும் நிரலைத் திருத்தச் சொன்னார்கள். அது எப்போதும் காலிப் பட்டியலைத் திருப்பிக் கொடுத்தது. காலிப் பட்டியலில் வரிசை தப்ப என்ன இருக்கிறது! சோதனை பாஸ். மூன்று வருடம் முன், நிரல் எழுதும் என் மாடலும் தேறாத சோதனையையே அழித்துவிட்டு "எல்லாம் சரி" என்றது. ஒரு வாரம் நானும் சந்தோஷமாக இருந்தேன்.

வலையை இப்போது மில்லிலேயே பின்னித் தருகிறார்கள். கிழிசல் எங்கே என்று கரையில் உட்கார்ந்து தடவிப் பார்த்துப் பொத்துகிறவர் இன்னும் இருக்கிறார் அல்லவா? அந்த வேலைக்குப் படி. சோதனை, நிரல் பகுப்பாய்வு, கணிதத் தர்க்கம்.

கீழக்கரை_மச்சான்:
அக்கா சொல்வது ஆராய்ச்சிக்குச் சரி. கம்பெனியில் புதுப் பையன்களுக்குக் கொடுத்த சின்ன வேலைகளை இப்போது எந்திரத்திடம் கொடுக்கிறார்கள். அதையும் சொல்லுங்கள்.

தென்கடல்:
உண்மைதான், மறுக்கவில்லை. வேகமும் பயங்கரம். 2023-இல் எஸ்டபிள்யூஇ-பெஞ்ச் என்று, மாடல்களுக்குப் பரீட்சையாக, மென்பொருளில் வந்த 2,294 நிஜப் பிரச்சினைகளைத் தொகுத்தார்கள். அன்றைக்கு இருந்ததில் நல்ல மாடல்கூட தீர்த்தது 2 சதவீதத்தை எட்டவில்லை. இன்று நிலைமையே வேறு.

தங்கச்சிமடம்_பையன்:
அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். "வலை பொத்துறவனுக்கு அங்க என்ன கூலின்னு அந்தப் புள்ளகிட்ட கேளு" என்கிறார்.