வெல்ஷ் வழிப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்த பெற்றோர் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். நாங்கள் பிரிட்டனின் வேல்ஸ் நாட்டில், கார்டிஃப் நகரில் வசிக்கிறோம். வரும் செப்டம்பரில் மகளை, வேல்ஸின் சொந்த மொழியான வெல்ஷில் பாடம் நடத்தும் வெல்ஷ் வழித் தொடக்கப் பள்ளியில் சேர்க்க விரும்புகிறோம். வீட்டில் பேசுவது தமிழ். எனக்கோ மனைவிக்கோ வெல்ஷ் ஒரு சொல்கூடத் தெரியாது.

அங்கே ஏழு வயதுவரை பாடமும் விளையாட்டும் வெல்ஷிலேயே நடக்கும். அதன் பிறகே ஆங்கிலப் பாடம் தொடங்கும். "ஆங்கிலம் கெட்டுவிடும்" என்று ஊரிலிருந்து மாமியார் தினமும் போனில் வருந்துகிறார். எனக்கு அந்தப் பயமில்லை. தெருவிலும் தொலைக்காட்சியிலும் ஆங்கிலம் தானாகவே வந்துவிடும். 1939இல் வேல்ஸின் அபெரிஸ்ட்வித் ஊரில் ஏழே பிள்ளைகளோடு முதல் வெல்ஷ் வழிப் பள்ளியைத் தொடங்கியவர்களின் உறுதியை நினைத்தால் மனம் நெகிழ்கிறது. தாய்மொழிக்காக ஏங்குவது என்னவென்று நமக்கும் தெரியுமே.

என் கவலை வேறு. மாலையில் அவள் கொண்டுவரும் வாசிப்புப் புத்தகத்தை எப்படிச் சொல்லிக் கொடுப்பது? 'டபிள்யூ' அங்கே உயிரெழுத்து. இரட்டை 'எல்' ஒலியோ என் வாயில் வரவே இல்லை. பெற்றோருக்கான மாலை வகுப்பில் சேர்ந்தவர்கள் இருந்தால், அது பயன்பட்டதா என்று சொல்லுங்கள். மூன்று மொழிகளுக்கு நடுவே பிள்ளையின் தமிழ் தளராமல் எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள்? இதை முக்கியமாகக் கேட்கிறேன்.

நேரடி அனுபவம் உள்ளவர்கள் எழுதினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.