ஆவணிக் கல்யாணம், உப்புவெளியில வரவேற்பு: கேக்குக்கு எந்த ருசி தாங்கும்?

உவர்மலைத் தங்கச்சி

எல்லாருக்கும் வணக்கம். ஆவணி கடைசியில அண்ணாவின்ர கல்யாணம். காலையில கோயிலில தாலிகட்டு, பின்னேரம் 6 மணிக்கு திருகோணமலை உப்புவெளியில கடற்கரையோட இருக்கிற புல்தரையில வரவேற்பு. 300 பேர் மட்டில வருவினம். கேக்கை நகரத்துக்குள்ள ஒரு வீட்டில செய்விச்சு வான் வண்டியில கொண்டுபோகப் போறம். 3 தட்டு.

பொம்பிளைக்கு மாம்பழக் கிறீம் கேக்தான் விருப்பம். அம்மா உலர்பழமும் கஜுவும் போட்ட ரிச் கேக்கைத் தவிர வேற பேச்சே எடுக்க விடுறா இல்லை. அப்பாவின்ர பக்கத்தில ஒரு 40 பேர் முட்டை தொடமாட்டினம். சூடான, வறண்ட கச்சான் காத்து அடிக்கிற காலம், கிறீம் நிண்டு பிடிக்குமா? எந்த ருசி எடுக்கிறது, மேல என்ன ஐசிங், எத்தினை துண்டு வெட்டுறது? அளவோட சொன்னால் பெரிய உதவி.

பாலையூற்று அடுப்படி

தங்கச்சி, கேக்கின்ர ருசியையும் கிறீமின்ர ருசியையும் முதல்ல பிரிச்சுப் பாருங்கோ. வெயில் காலக் கல்யாணத்துக்கு ருசி மாவுக்குள்ள இருக்க வேணும், கிறீமுக்குள்ள இருக்கக் கூடாது. மாவுக்குள்ள வெந்த தேசிக்காய்த் தோலை எந்த வெயிலும் ஒண்டும் செய்யாது. மேல பூசின கிறீமை ஒரு மணித்தியாலமே கவிழ்த்துப்போடும்.

ஆவணியில பகல் 34, 35 பாகை போகும். 6 மணிக்கு வெளியில 31 மட்டில நிக்கும். பட்டர் 25 பாகைக்கு மேல குழையத் தொடங்கி 32க்கும் 35க்கும் இடையில உருகி முடிஞ்சிடும். எண்டால் உங்கட வரவேற்பு நேரம் பட்டர் ஐசிங்கின்ர விளிம்பு நேரம். நடக்கிற விதம் இப்பிடி: முதல்ல ரோசாப்பூ இதழின்ர ஓரம் மினுங்கும். பிறகு இதழ் நுனி வளைஞ்சு கீழ் இதழில ஒட்டும். அதுக்குப் பிறகு கேக்கின்ர அடிப்பக்கம் வயிறு மாதிரித் தள்ளும். அது உள்ள பூசின கிறீம் மேல் அடுக்கின்ர பாரம் தாங்காமல் பிதுங்குறது. அந்தக் கட்டத்தில ஒருத்தராலயும் ஒண்டும் செய்ய ஏலாது. அடிச்ச பிரெஷ் கிறீம் இந்த அளவுக்கும் வராது, குளிர் விட்ட கையோட தண்ணி கக்கும்.

தாங்கிற ருசிகளில முதல் இடம் ரிச் கேக்குக்குத்தான், அம்மா சொல்லுறது சரி. அடுத்தது லவ் கேக் (ரவை, கஜு, தேன் போட்டது). பிறகு பேரீச்சம்பழக் கேக், அதுக்குப் பிறகு தேசிக்காய் அல்லது தோடம்பழம் போட்ட பட்டர் கேக். சொக்லட் கேக்கும் தாங்கும், ஆனால் மேல சொக்லட் ஊத்த வேண்டாம். கஸ்டர்ட், கிறீம் சீஸ், வெட்டின பழம், கிறீம் அடுக்கின கட்டோ வகை எல்லாத்தையும் வெளி வரவேற்பில இருந்து எடுத்துவிடுங்கோ.

வெட்டுற கேக்குக்கு என்னைக் கேட்டால் தேசிக்காய் பட்டர் கேக். புழுக்கத்தில நல்ல இனிப்பு திகட்டும், புளிப்பு இருந்தால் இன்னொரு வாய் கேட்கும். பட்டர், சீனி, மா மூண்டும் 500 கிராம் படி, முட்டை 10, பேக்கிங் பவுடர் 3 தேக்கரண்டி. 4 தேசிக்காயின்ர பச்சைத் தோலை மட்டும் துருவி முதல்ல சீனியோட விரலால உரசுங்கோ, சீனி ஈரமாகி வாசம் ஏறும். தோலுக்குக் கீழ இருக்கிற வெள்ளை வந்தால் கைக்கும். சாறை மாவுக்குள்ள விடாதேங்கோ. கேக் அவனுக்குள்ள (ஓவனுக்குள்ள) போக முதலே பேக்கிங் பவுடர் சாறோட சேர்ந்து பொங்கி முடிஞ்சிடும், கேக் நடுவில பள்ளம் விழும். சாறு 3 மேசைக்கரண்டியை, 100 கிராம் சீனியை 100 மில்லி தண்ணியில காய்ச்சின பாகில கலந்து, கேக் சுடச்சுட இருக்கேக்க தூரிகையால பூசுங்கோ.

3 தட்டையும் உண்மைக் கேக்காகச் செய்ய வேண்டாம். ரெஜிபோமில (பாரமில்லாத வெள்ளை நுரைக்கட்டி, தெர்மோகோல்) செய்து றோயல் ஐசிங் பூசினால் ஒரு கிழமைக்கு முதலே முடிச்சு வைக்கலாம். றோயல் ஐசிங்கில கொழுப்பு இல்லை, உருக ஒண்டுமில்லை. கச்சானில இன்னும் நல்லாக் காயும். ஒரு முட்டை வெள்ளைக்கு 250 கிராம் ஐசிங் சீனி, அரைத் தேக்கரண்டி தேசிச்சாறு. கீழ்த்தட்டில வெட்டுறதுக்கு ஒரு வாய் விட்டு, அதுக்குள்ள உண்மைக் கேக்கை இறுக்கி வைக்கிறது. அந்தப் பகுதிக்குப் போடுற ஐசிங்கில மட்டும் 500 கிராம் சீனிக்கு ஒரு தேக்கரண்டி கிளிசரின் விடுங்கோ. விடாட்டி கத்தி இறங்காது, படம் எடுக்கிற நேரம் ஐசிங் துண்டு துண்டாத் தெறிக்கும்.

கறுத்தக்கொழும்பான்

பொம்பிளையின்ர மாம்பழத்தை ஒரேயடியாத் தள்ளி வைக்காதேங்கோ. பச்சையாப் போட்டால்தான் பிழைக்கும். மாம்பழத்தில தண்ணிதான் கூட. வெட்டி அடுக்கினால் அந்தத் தண்ணி கேக்குக்குள்ள இறங்கும், மேல் அடுக்கு வழுக்கும், இந்தச் சூட்டில இரவுக்குள்ள புளிச்சும் போகும்.

வத்தக் காய்ச்சினால் நிக்கும். ஆவணிக் கடைசியில நல்ல பழம் குறைஞ்சிடும், அதால ஆனி, ஆடியில பழம் மலிவா இருக்கேக்க செய்து போத்தலில அடைச்சு பிரிஜ்ஜில வையுங்கோ. ஒரு கிலோ சதையைத் தும்பு இல்லாமல் வடிச்சு, 350 கிராம் சீனி, 2 மேசைக்கரண்டி தேசிச்சாறு விட்டு, அடி கனமான சட்டியில சின்ன நெருப்பில கிண்டுங்கோ. கரண்டியால சட்டியின்ர அடியில ஒரு கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிக்க வேணும், அதுதான் பதம். அதுக்கு முதல் இறக்கினால் அது ஜாம் இல்லை, பழச்சாறுதான். கூடக் காய்ச்சினால் தொதல் மாதிரி இழுபடும், நிறமும் கறுக்கும்.

கேக்குக்கு நடுவில 3 மில்லிமீற்றருக்கு மேல பூசாதேங்கோ. முதல்ல கேக்கின்ர ஓரத்தைச் சுத்தி ஐசிங்கால வரம்பு கட்டிப்போட்டு, வரம்புக்குள்ள ஜாமை விடுங்கோ. வரம்புக்கான ஐசிங் பட்டர் பாதி, வெள்ளை மரக்கறிக் கொழுப்பு பாதி. 250க்கு 250, ஐசிங் சீனி ஒரு கிலோ. முழுக்கப் பட்டர் எண்டால் ருசி நல்லம், ஆனால் வெளியில வைச்சால் வரம்பே உடையும். மாம்பழ எசன்ஸை மட்டும் நம்பாதேங்கோ, அது ரொபி வாசம்தான் தரும்.

பொம்பிளைக்கு மாம்பழக் கிறீமே வேணும் எண்டால் அதைக் கேக்கில இருந்து பிரிச்சுச் சின்னக் கப்பில குடுங்கோ. ஐஸ் பெட்டிக்குள்ள வைச்சு, சாப்பாடு முடிய நேரா மேசைக்கு எடுக்கலாம். இறுகிறதுக்கு ஜெலட்டின் போடாமல் கடல்பாசி (அகர் அகர்) போட்டால் சைவக்காரரும் சாப்பிடலாம். கடல்பாசி குளிர் விட்டாலும் இளகாது, அது இன்னொரு வசதி.

கிண்ணியா அடுப்பு

தங்கச்சி, துண்டுக் கணக்கையும் முட்டையில்லாத கேக்கையும் நான் சொல்கிறேன்.

வந்தவர்களுக்குச் சின்னப் பெட்டியில் போட்டுக் கொடுக்கும் ரிச் கேக் துண்டு 2 அங்குல நீளம், 1 அங்குல அகலம், முக்கால் அங்குல உயரம். ஒன்று 28, 30 கிராம் வரும். 300 பேருக்கு 330 துண்டு வெட்டுங்கள், வரமுடியாதவர்களுக்கும் அனுப்ப வேண்டிவரும். ஓரம் சீவுவதையும் சேர்த்தால் 11, 12 கிலோ வேண்டும்.

ஒரு தடவைக்கு: ரவை 250 கிராம், பட்டர் 250, சீனி 350, மஞ்சட்கரு 10, வெள்ளைக்கரு 4, கஜு 250. பிளம்ஸ் (உலர்திராட்சை), சுல்தானா, செர்ரி, சீனிப்பாகில் ஊறிய பூசணித் தோசி, இஞ்சித் தோசி, சௌசௌ எல்லாம் சேர்த்து ஒன்றரைக் கிலோ. ஏலம், கறுவா, கராம்பு, சாதிக்காய்த் தூள்கள், தேன், ரோஸ் வோட்டர். இதில் 3 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக வரும், ஆகவே 4 தடவை. ரவையை இளஞ்சூட்டில் வறுத்து, சூடு இருக்கும்போதே பட்டரில் போட்டுக் கலந்து 3, 4 மணித்தியாலம் ஊறவிடுங்கள். ஊறாத ரவை பல்லில் நறநறக்கும். வெள்ளைக்கருவைக் கூட்டினால் கேக் பூத்து, வெட்டும்போது உதிரும். தட்டில் பத்திரிகைத் தாள் 4 மடிப்பு, அதன்மேல் ஓயில் பேப்பர். அவன் 135, 140 பாகை, இரண்டரை மணித்தியாலம். மேல் கறுத்தால் தாளால் மூடுங்கள்.

வெட்டுவது மறுநாள். பிரிஜ்ஜில் நன்றாகக் குளிர்ந்த பிறகு, கத்தியைச் சுடுநீரில் தோய்த்த துணியால் ஒவ்வொரு வெட்டுக்கும் துடைத்து வெட்ட வேண்டும். சூடு ஆறாமல் சுற்றினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். நிறையப் பேருக்குக் கேக் பழுதாவது செய்முறையால் அல்ல, இந்த அவசரத்தால்தான்.

பிரண்டி ஊற்றினால் 3, 4 கிழமைக்கு முன்பே செய்து வைக்கலாம். முஸ்லிம் வீட்டார் வருகிறார்கள் என்றால் அது வேண்டாம். ஒரு தடவைக்கு 100 மில்லி கடும் தேயிலைச் சாயமும் 50 மில்லி தோடம்பழச் சாறும் விட்டுப் பழங்களை ஒரு இரவு ஊறவையுங்கள். நிறமும் வாசமும் குறையாது. ஆனால் அதைப் பிரிஜ்ஜில் வைத்து 10 நாளுக்குள் முடிக்க வேண்டும், கல்யாணத்துக்கு ஒரு கிழமைக்கு முன் செய்தால் போதும்.

முட்டை தொடாதவர்களுக்கு டின்பால் (இனிப்பான கட்டிப்பால்) கேக். டின்பால் ஒரு டின், உருக்கிய பட்டர் 125 கிராம், மா 250, பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, அப்பச்சோடா ஒரு தேக்கரண்டி, தண்ணீர் 200 மில்லி, வினாகிரி ஒரு மேசைக்கரண்டி, 2 தோடம்பழத்தின் தோல் துருவல். வினாகிரியைக் கடைசியில் விட்டு உடனே அவனுக்குள் வையுங்கள், பிந்தினால் எழும்பாது. 8 அங்குலச் சதுரத் தட்டு, 175 பாகை, 40, 45 நிமிடம். ஒரு தட்டில் 2 அங்குலத் துண்டு 16. மூன்று தட்டுச் செய்தால் 48. முதல்நாள் செய்யுங்கள், இது ரிச் கேக் மாதிரிக் கிடக்காது. தனிக் கத்தி, தனித் தட்டு, தனிப் பெட்டி நிறம் கட்டாயம் வேண்டும். கேக் மேசையில் கலந்துவிட்டால் அந்த 40 பேரும் ஒன்றையும் தொடமாட்டார்கள்.

கடற்கரைப் பந்தல்

ருசி எல்லாரும் சொல்லிட்டினம். நான் கேக் போய் நிக்கிற இடத்தைப் பற்றிச் சொல்லுறன், அரைவாசிக் கேக் அங்கதான் பழுதாப் போகுது.

வானில ஏசியை 15 நிமிஷம் முதலே போட்டுக் குளிர வையுங்கோ. சீற்றில வைக்காதேங்கோ, சீற் பின்பக்கம் சரிஞ்சிருக்கும். கீழ்த் தரையில ஈரத் துணி விரிச்சு அதுக்கு மேல பெட்டி. தட்டுகளைத் தனித்தனியாக் கொண்டுபோய் அங்க அடுக்குங்கோ.

பிரிஜ்ஜில இருந்த கேக்கைப் பெட்டியைத் திறந்தபடி வெளிக் காத்துக்குக் கொண்டுவந்தால் ஐசிங் முழுக்க வேர்க்கும். பொண்டன்ட் (உருட்டிப் போர்க்கிற சீனி ஐசிங்) எண்டால் ஒட்டும், நிறம் வழியும். பெட்டி மூடினபடி ஏசி அறையில 2 மணித்தியாலம் விடுங்கோ, வேர்வை பெட்டியோட நிண்டிடும். றோயல் ஐசிங் பூசின தட்டை பிரிஜ்ஜுக்குக் கிட்டவும் கொண்டுபோக வேண்டாம்.

ரெஜிபோம் பாரமில்லை. கடற்கரைக் காத்து ஒரு தள்ளுத் தள்ளினால் 3 தட்டும் சாயும். நடுவில ஒரு மரக்கம்பை ஓட்டி அடிப்பலகையில ஆணி அறையுங்கோ, கீழ்த்தட்டுக்குள்ள 2 கிலோ மண் பொதியும் வையுங்கோ. கச்சான் நிலப்பக்கத்தால வரும், கடல்காத்து மற்றப் பக்கத்தால வரும். முதல்நாள் அதே 6 மணிக்குப் போய் நிண்டு பார்த்து, பின்னுக்கு மறைப்பு எந்தப் பக்கம் எண்டு முடிவெடுங்கோ. புல்தரையில மேசைக் காலுக்குக் கீழ பலகைத் துண்டு வைச்சு, மேல தண்ணிக் கிளாஸ் வைச்சு மட்டம் பாருங்கோ. கால் ஒவ்வொண்டையும் தண்ணி விட்ட டின்னுக்குள்ள நிறுத்துங்கோ, இல்லாட்டி எறும்பு விருந்தாளிகளுக்கு முதல் வந்திடும். மஞ்சள் போக்கஸ் லைற்றைக் கேக்குக்கு நேரா அடிக்க விடாதேங்கோ, அந்தச் சூடு போதும் ஐசிங்கைக் குழைக்க.

உண்மைக் கேக் துண்டைக் கீழ்த்தட்டு வாய்க்குள்ள வைக்கிறது வெட்டுறதுக்கு அரை மணிக்கு முதல். கேக் வெட்டை நிகழ்ச்சியில முதலாவதாப் போடச் சொல்லுங்கோ. பேச்சுகளுக்குப் பிறகு எண்டு விட்டால் 9 மணியாகும்.

உவர்மலைத் தங்கச்சி

எல்லாருக்கும் கோடி நன்றி. ரெஜிபோம் தட்டு, வெட்டுறதுக்குத் தேசிக்காய் கேக், நடுவில மாம்பழ ஜாம், பெட்டிக்குப் பிரண்டி இல்லாத ரிச் கேக், 48 டின்பால் கேக் எண்டு வீட்டில ஒத்துக்கொண்டாச்சு. பொம்பிளைக்கு மாம்பழக் கப். ஒரே ஒரு கேள்வி: 330ல பாதியை லவ் கேக்கா மாத்தலாமா? மாமியவை கேக்கினம். ஜாம் வைச்ச கேக்கை எப்ப செய்யிறது?

கிண்ணியா அடுப்பு

மாற்றலாம். ஆனால் லவ் கேக் ஈரக் கேக். இந்தச் சூட்டில் தேனும் சீனியும் கசிந்து ஃபொயிலில் ஒட்டும். முதலில் ஓயில் பேப்பர், அதற்கு வெளியே ஃபொயில். துண்டை முக்கால் அங்குலத்துக்குப் பதில் ஒரு அங்குல உயரமாக வெட்டினால் உடையாது. அதற்குப் பெட்டியும் உயரமாக வேண்டும், பெட்டிக்குச் சொல்ல முன்பு அளவைக் கொடுத்துவிடுங்கள்.

பாலையூற்று அடுப்படி

தேசிக்காய் கேக்கை ரெண்டு நாளைக்கு முதல் சுட்டு, பாகு பூசி, ஆறினபிறகு காத்துப் போகாமல் சுத்தி வையுங்கோ. முதல்நாள் இரவு ஜாம் வைச்சு, கல்யாணத்தண்டு காலமை மேல் ஐசிங். இப்பவே ஒருக்கா அளவில கால்வாசிக்குச் சுட்டு, ஜாமும் வரம்பும் வைச்சு, பின்னேரம் 4 மணிக்கு முத்தத்து நிழலில 3 மணித்தியாலம் விட்டுப் பாருங்கோ. வரம்பு பிதுங்கினால் ஐசிங்கில இன்னும் 100 கிராம் சீனி கூட்டுங்கோ.