ராடு வைத்த காலுக்குக் காந்தத் துடிப்புப் பட்டை: சூடாகுமா, எத்தனை மணி நேரம் கட்டணும்?

தெம்பனிஸ்வாசி
முழங்காலுக்குக் கீழே பெரிய எலும்பு முறிந்து டைட்டானியம் ராடு வைத்து 9 மாதம். கடைசி மூன்று எக்ஸ்-ரேயிலும் முறிவுக் கோடு அப்படியே இருக்கு, இடைவெளி 3 மி.மீ. டாக்டர் பிஇஎம்எஃப் பட்டை, அதாவது எலும்பு சேரக் காந்தத் துடிப்பு தரும் பட்டை, எழுதிக் கொடுத்திருக்கார். உள்ளே உலோகம் இருக்கே, சூடாகாதா? கடைத்தொகுதியில் விற்கிற காந்த மெத்தையில் தினம் 20 நிமிடம் படுத்தால் போதாதா?

சுருள்கம்பி
சூடாகாது. டைட்டானியம் காந்தத்தில் ஒட்டாது, இந்தத் துடிப்புகளும் ரொம்ப மெலிந்தவை. நீங்கள் கேள்விப்பட்டது ஷார்ட்வேவ் டையதர்மியாக இருக்கும். அது 27.12 மெகாஹெர்ட்ஸ், திசுவைச் சூடாக்கவே செய்த கருவி. ராடு இருக்கும் இடத்தில் அதை வைக்கக்கூடாது. பிசியோவிடம் போனால் ராடு இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

காந்தப்புலம் ஏறி இறங்கினால்தான் எலும்பில் சின்ன மின்னழுத்தம் தூண்டப்படும். காந்தக்கல் தைத்த முழங்கால் உறையில் அந்த ஏற்ற இறக்கமே கிடையாது, அதனால் கட்டிக்கொண்டு படுத்தாலும் ஒன்றும் தூண்டாது. மெத்தையில் துடிப்பு இருக்கலாம், ஆனால் முறிவு, துடிப்பை உண்டாக்கும் கம்பிச் சுருளுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதுதான் விஷயம். 5 செ.மீ. ஆரமுள்ள ஒற்றைச் சுருளின் மையத்திலிருந்து நேராக 5 செ.மீ. தள்ளினால் புலம் சுமார் 35 விழுக்காடாகிவிடும், 10 செ.மீ. தள்ளினால் 9தான்.

வழக்கமாகச் சொதப்புவதும் இங்கேதான். வீக்கம் வடிந்ததும் பட்டை தளர்ந்து கணுக்கால் பக்கம் இறங்கிவிடும், கட்டியவருக்குத் தெரியாது. எக்ஸ்-ரேயைப் பார்த்து முறிவு இருக்கும் இடத்தைத் தோலில் மார்க்கர் பேனாவால் குறிக்கச் சொல்லுங்கள், சுருளின் மையம் அந்தக் குறிமேல் உட்காரணும். மாவுக்கட்டு இருந்தால் அதன் மேலேயே கட்டலாம், புலம் ஊடுருவும்.

மணிக்கணக்கு கருவிக்குக் கருவி மாறும். சிலதுக்கு நாளைக்கு 3 மணி, சிலதுக்கு 10 மணி வரை. கையேட்டில் உள்ளதைத்தான் பின்பற்றணும்.

எலும்புமுடிச்சு
எதிர்பார்ப்பையும் கொஞ்சம் அடக்கி வைக்கணும். சேராத எலும்புக்கு, மருந்து, மருத்துவக் கருவிகளை அனுமதிக்கும் அமெரிக்க அமைப்பான எஃப்டிஏ 1979இலேயே இதை அனுமதித்தது. போலிக் கருவியோடு ஒப்பிட்ட ஆய்வுகளை 2016இல் தொகுத்துப் பார்த்தபோது, எக்ஸ்-ரேயில் சேராமல் போகும் ஆபத்து மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, வலியும் கொஞ்சம் குறைந்தது. நடமாட்டத்தில் வித்தியாசம் தெரியவில்லை. புதிதாக முறிந்த இதே எலும்பில் 259 பேரிடம் ஆஸ்திரேலியாவில் நடந்த சோதனையிலோ மறு அறுவையின் தேவை குறையவே இல்லை. உங்களுடையது 9 மாதம் நின்றுபோன கேஸ், அதனால் டாக்டர் எழுதியதில் நியாயம் இருக்கு.

ஆனால் முறிவு உள்ளே ஆடிக்கொண்டிருந்தாலோ, இடைவெளி 1 செ.மீ.க்கு மேல் போனாலோ, பொய்மூட்டு (சேராத முனைகளுக்கு நடுவே மூட்டு மாதிரி அசையும் இடம்) உருவாகியிருந்தாலோ பட்டை காப்பாற்றாது. கிருமித்தொற்று இருந்தால் முதலில் அதைத்தான் பார்க்கணும். இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. சிகரெட் பிடிப்பவர் என்றால் அதை நிறுத்தாமல் பட்டைக்குக் காசு கொடுப்பது வீண் செலவு.

வாங்கும் முன் சிங்கப்பூர் சுகாதார அறிவியல் ஆணையத்தின் மருத்துவக் கருவிப் பதிவேட்டில் மாடல் பெயரைத் தேடுங்கள், இணையத்திலேயே பார்க்கலாம். பதிவு எந்தப் பயன்பாட்டுக்கு என்பதையும் படிங்க. தசை வலிக்கு என்று பதிந்த கருவி எலும்பு சேர்க்கும் கருவி ஆகாது.

தெம்பனிஸ்வாசி
நன்றி. இந்த வெக்கையில் பட்டைக்கு அடியில் வேர்த்துக் கொட்டுது, அரிக்கவும் செய்யுது. அடியில் துணி போடலாமா?

சுருள்கம்பி
தாராளமாக. மெல்லிய பருத்தி உறை 2 மி.மீ. இருக்குமா? அந்தத் தூரத்தில் புலம் குறைவது கணக்கிலேயே வராது. ஈரமானால் மாற்றிவிடுங்கள். துணியை மடித்து மெத்தை மாதிரி திணிக்காதீர்கள், பட்டை மறுபடியும் நழுவும்.